2.6 லாரி

காவேரிப்பட்டணத்தில் சித்தப்பாவுக்கு மாங்காய் மண்டி. சீசன் முழுக்க ஒரே கணக்குதான்: ஐந்து தோப்பு, மூன்று கூழ் ஆலை, எந்தத் தோப்புப் பெங்களூரா மாங்காயை எந்த ஆலைக்கு ஏற்றினால் லாரி வாடகை குறையும்? இந்த வருடம் அதை பைத்தான் நிரல்மொழியில், இந்த மாதிரிக் கணக்குகளை எழுத உதவும் பல்ப் என்ற லைப்ரரியில் எழுதிப் பார்த்தேன்.

முதல் தடவை 'இன்ஃபீசிபிள்', அதாவது எல்லா நிபந்தனைக்கும் பொருந்தும் விடையே இல்லை என்று வந்தது. மென்பொருள் சரியாகத்தான் சொன்னது. ஆலைகளுக்கு ஒப்புக்கொண்ட டன்னைக் கூட்டினால், தோப்புகளின் மொத்தக் காய்ப்பைத் தாண்டுகிறது. "அதான் கடைசி வாரம் வெளியில காய் வாங்கி நஷ்டப்படறேனா?" என்றார் சித்தப்பா.

சரி என்று வெளியில் வாங்கும் காயையும் கணக்கு கண்டுபிடிக்க வேண்டிய ஒரு அளவாக, ஒரு மாறியாகச் சேர்த்தேன். விடை வந்தது, ஆனால் ஒரு வழியில் 2.6 லாரி! அதை அப்படியே மூன்றாக்கினால் வேறு கட்டுப்பாடு உடையலாம். லாரி முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று அறிவித்துவிட்டால், விடையைத் தேடித் தரும் சிபிசி சால்வர் என்ற மென்பொருள் '2 வரை', '3 முதல்' என்று பிரித்து இரண்டு பக்கமும் தேடுகிறது. 1960-இல் ஐல்சா லேண்ட், அலிசன் டாய்க் என்ற இரண்டு பெண்கள் வெளியிட்ட முறை இது. எத்தனை அழகான யோசனை!

அப்புறம் முழு எண் நிபந்தனையைத் தளர்த்தி, நிழல் விலைகளைப் பார்த்தேன். சந்தூர்த் தோப்பில் இன்னும் ஒரு டன் காய் கிடைத்தால் செலவு எவ்வளவு குறையும் என்பதை அவை சொல்கின்றன. அடுத்த வருடம் எந்தப் பக்கம் தோப்பு குத்தகைக்கு எடுப்பது என்று சித்தப்பா இப்போது அந்தத் தாளோடுதான் உட்கார்ந்திருக்கிறார்.