பூட்டியின் காதும் பூட்டனின் நிழலும்

என் பூட்டி கடல் கடந்து போனதே இல்லை என்பது எங்கள் வீட்டில் யாரும் சந்தேகிக்காத செய்தி. பூட்டன் கொழும்பில், புறக்கோட்டையில், ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, திருச்செந்தூர்ப் பக்கத்துச் சிற்றூருக்கு வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போவார். ஆனால் சென்ற பொங்கலன்று அத்தை வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியில் கிடைத்த புகைப்படத்தில் இருவரும் சேர்ந்திருக்கிறார்கள். அட்டையின் கீழ்மூலையில் புடைப்பெழுத்தில் இருந்த ஸ்டூடியோவின் பெயர் தேய்ந்துபோய்விட்டாலும், கொழும்பு என்ற சொல் விரலால் தடவினாலே தட்டுப்படுகிறது.

பூட்டன் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். கோட்டு, தலைப்பாகை, மடியில் விரித்த ஒரு புத்தகம், அதன்மேல் கைக்கடிகாரம் நன்றாகத் தெரியும்படி வைத்த இடது கை. கைக்கடிகாரம் ஆண்களிடையே பரவியது முதல் உலகப்போருக்குப் பிறகுதான் என்பதால், படம் 1920க்கு முந்தையதாக இருக்க வாய்ப்புக் குறைவு. பின்னால் பூட்டி நிற்கிறாள். அவளுடைய சேலைக் கொசுவத்தை ஒட்டி, முழங்கால் உயரத்தில், நான்கு வெளிர்ப் புள்ளிகள் இருக்கின்றன. பூஞ்சைக் கறை என்று நினைத்துப் பஞ்சால் துடைக்கக்கூடப் பார்த்தேன்.

முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியது அவளுடைய காது. வளர்த்த காது, மடல் தோளைத் தொடுகிறது, அதில் பாம்படமும் தண்டட்டியும் தொங்குகின்றன. பெண்குழந்தை பிறந்த சில நாட்களிலேயே காதைக் கத்தியால் துளைத்து, துளையில் பஞ்சு திணித்துப் பெரிதாக்கி, பிறகு குணுக்கு என்னும் ஈய வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி எடை ஏற்றிக்கொண்டே போய் மடலை நீளச் செய்வது தென்மாவட்டங்களில் பல சாதியாரிடமும் இருந்த வழக்கம். மிஷன் பள்ளிகள் இதை எதிர்த்தன. பெண்கள் படிக்கப் போகத் தொடங்கியதும் வழக்கம் தேய்ந்தது. சித்தப்பா மகன் இந்தப் படத்தைக் கைப்பேசிச் செயலி ஒன்றில் போட்டு வண்ணமேற்றி அனுப்பினான். வளர்த்த காதை ஒருபோதும் பார்த்திராத அந்தச் செயலி, பாம்படத்தைக் கூந்தல் பிரி என்று எடுத்துக்கொண்டு கறுப்பாக்கிவிட்டது.

அதன் பிறகுதான், எதையும் திருத்தாமல், படத்தை ஸ்கேனரில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூட்டியின் முகத்தில் வெளிச்சம் இடப்புறமிருந்து விழுகிறது. பூட்டனின் மூக்கு நிழலோ இடப்பக்கமே சாய்ந்திருக்கிறது, அதாவது அவருக்கு வெளிச்சம் வலப்புறம். அவருடைய தோளை ஒட்டி மயிரிழை போல ஒரு கோடு ஓடுகிறது. அவளுடைய பாதத்தின் கீழ் நிழலே இல்லை. அங்கே யாரோ தூரிகையால் சாம்பல் நிறத்தைத் தீற்றியிருக்கிறார்கள். தனித்தனியாக எடுத்த இரண்டு படங்களை வெட்டி ஒட்டி, விளிம்பை மையால் மறைத்து, அதை மறுபடி படம்பிடித்துப் பிரதி எடுப்பது அக்கால ஸ்டூடியோக்களில் சாதாரணமாகச் செய்த வேலைதான். பூட்டி கொழும்புக்குப் போகவில்லை. அவளுடைய படம்தான் பூட்டனின் பெட்டியில் போயிருக்கிறது. அறைச் சுவரில் மாட்டிக்கொள்ள அவருக்கு மனைவியோடு ஒரு படம் வேண்டியிருந்திருக்கும்.

பெட்டியில் இருந்த இன்னொரு படம் தாத்தாவின் கல்யாணத்தில், 1953இல் எடுத்தது. அதில் பூட்டியின் காது என் காதைப்போல இருக்கிறது. சின்னக் கல்தோடு மட்டும். அத்தையிடம் கேட்டேன்.

"ஆச்சி காதைத் தடவினா தையல் தழும்பு நெரடும். எத்தன தடவ தடவிப் பாத்திருக்கேன்! சண்ட நேரத்துல பாம்படத்த வித்துட்டாவ. பத்து வருசமா மூளிக்காதுதான். மவன் கல்யாணத்துல சம்மந்தி முன்னால மூளிக்காதோட நிக்கதான்னு, திருநெல்வேலிக்குப் போயி அறுத்துத் தச்சுக்கிட்டாவளாம்" என்றாள் அத்தை.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு வீசின. கடை அடைபட்டது, பூட்டன் ஊர் திரும்பினார். மணியார்டர் வராத வீட்டில், அரிசி விலை ஏறிய நாட்களில், பாம்படம் ஆசாரியிடம் போயிற்று. பார்க்கத்தான் அது கனமான நகை; உள்ளே அரக்கு அடைத்து மேலே தங்கத் தகடு போர்த்தியது. அரக்கை உருக்கி வடித்த பிறகு எடைத்தட்டில் நின்றது, அவள் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லையாம். பூட்டனைப் பற்றி நான் எழுத வந்தேன். ஆனால் அவர் எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், காலம் முழுவதும் பூட்டியின் காதில்தான் பதிந்திருக்கிறது.

சென்ற வாரம் அத்தை மறுபடி அழைத்தாள். பெட்டியின் அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே ஒரு சிறிய படம் இருந்ததாம். போய்ப் பார்த்தேன். அதே சேலை, அதே பாம்படம், அதே நிற்கை. பூட்டியின் உருவத்தைச் சுற்றிப் பென்சிலால் வெட்டுக்கோடு வரைந்திருக்கிறது. இது வெட்டப்படாமல் தப்பிய பிரதி. கோட்டுக்கு வெளியே, அவளுடைய இடுப்புயரம்கூட இல்லாத ஒரு பையன் நிற்கிறான். தாத்தா 1929இல் பிறந்தவர்; பையனுக்கு மூன்று வயது சொல்லலாம். படம் எடுக்கும்போது தலையை ஆட்டியிருக்கிறான் போலும், முகம் வெறும் புகையாகக் கலைந்திருக்கிறது. ஸ்டூடியோக்காரர் அவனை வேண்டாமென்று விட்டதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் பயத்தில் அவன் அம்மாவின் கொசுவத்தை இறுகப் பற்றியிருந்ததால், அந்தக் கையை மட்டும் கத்தரிக்கோலால் பிரிக்க முடியவில்லை. நான் பஞ்சால் துடைக்கப் பார்த்த நான்கு புள்ளிகள் தாத்தாவின் விரல்கள்.