டர்ட்டில் கேட்காத அரை நொடி

"பதில் வரலன்னா மறுபடி அனுப்பணும்ல சார்?"

மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் நிரல் எழுதக் கற்றுத்தரும் என் கம்ப்யூட்டர்கிராஃப்ட் வகுப்பில் அந்தப் பையன் கேட்டது அவ்வளவுதான். டர்ட்டில் என்ற தோண்டும் ரோபோவுக்குச் செய்தி அனுப்பும் நிரலில், பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்பும் பகுதி ஒன்றை எழுதியிருந்தான். "செய்தி அனுப்புற ரெட்நெட் சென்ட் கட்டளையே ட்ரூன்னு தருதுல்ல, அது போதும்ப்பா. அந்தப் பகுதியை எடுத்துடு" என்றேன். எடுத்துவிட்டான்.

மறுநாள் எல்லார் முன்னாலும் அவனுடைய டர்ட்டில் "திரும்பி வா" என்ற செய்தியைக் கண்டுகொள்ளாமல் தோண்டிக்கொண்டே போய், எரிபொருள் தீர்ந்து சுரங்கத்துக்குள் நின்றது. அவன் என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன்.

தூரம் காரணமில்லை. கம்ப்யூட்டர்கிராஃப்டின் சாதாரண வயர்லெஸ் மோடம் தாழ்வான இடத்திலும் 64 கட்டம் எட்டும். டர்ட்டில் 40 கட்டத்துக்குள்தான் இருந்தது. இரவு அவன் நிரலை நான் வரிவரியாகப் படித்தபோதுதான் புரிந்தது. ஒவ்வொரு கட்டத்தையும் வெட்டியபின், மேலிருந்து சரளைக்கல் விழுந்து முடியட்டும் என்று அரை நொடி ஸ்லீப், அதாவது சும்மா காத்திருக்கும் கட்டளை, வைத்திருந்தான். அதன்பின் கால் நொடி ரிசீவ், அதாவது செய்தி வருகிறதா என்று கேட்பது. ஸ்லீப் தன் டைமருக்காக மட்டுமே காத்திருக்கும். இடையில் வரும் செய்தி வரிசையில் நிற்காது, அப்படியே போய்விடும். அனுப்பிய பக்கம் ட்ரூ வந்தது உண்மைதான். திறந்த மோடம் வழியாகச் செய்தி கிளம்பியது என்பதற்கு மேல் அந்த ட்ரூவுக்கு அர்த்தமில்லை.

முந்தைய சோதனைகளில் டர்ட்டில் ஒழுங்காகத் திரும்பியதற்குக் காரணமே, பதில் வரும்வரை அவன் விடாமல் அனுப்பியதுதான். அதைத்தான் நான் எடுக்கச் சொன்னேன்.

என் பக்கமும் நியாயம் உண்டு. மற்ற பிள்ளைகளுக்கு அந்த நிரல் புரியவில்லை. அதில் ஓட்டையும் இருந்தது: செய்திக்கு எண் இல்லை. பதில் வழியில் தொலைந்தால் அதே கட்டளை இரண்டாம் முறை போகும். "திரும்பி வா" இரண்டு முறை போனால் பாதகமில்லை. "ஒரு கட்டம் முன்னே போ" அப்படியல்ல. ஆனால் இதை அன்று நான் யோசிக்கவே இல்லையே. ஒரே சர்வருக்குள் ஓடும் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே செய்தி எங்கே தொலையப்போகிறது என்ற நினைப்பில் சொன்னேன். இப்போது தேடிப்பிடித்த காரணத்தை அன்றைய பேச்சுக்கு முட்டுக்கொடுக்கிறேனோ என்னவோ.

அடுத்த வகுப்பில், தோண்டுவதையும் கேட்பதையும் பேரலலில், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாக, ஓடவிடக் காட்டிக்கொடுத்தேன். இனி ஸ்லீப் செய்தியை விழுங்காது. அவனும் அப்படியே மாற்றினான், டர்ட்டில் வந்தது. மறுபடி அனுப்பும் பகுதியை மட்டும் அவன் திரும்பச் சேர்க்கவில்லை. டர்ட்டில் நிற்கும் சங்க், அதாவது விளையாட்டு உலகின் அந்தத் துண்டு, அன்லோடாகி ஓடாமல் நின்றால் கேட்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். பதில் வரவில்லை என்று தெரிந்துகொள்ளவாவது அப்போது அந்தப் பகுதி கைகொடுக்கும். சொல்லலாம் என்று அவன் பக்கத்தில் போய் நின்றேன். "இப்போ சரியா சார்?" என்றான். "சரிதான்ப்பா" என்றேன்.