டேபிளிலிருந்து எழுந்தவர்கள்: ஒரு பனியன் கம்பெனி நாட்குறிப்பு

ஜூலை 7, 2025, திங்கள்

இரண்டாம் லைனுக்கு (வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடும் பிரிவு) சூப்பர்வைசர் இல்லை. இருந்தவர் ஒரு கல்யாணம் என்று ஊருக்குப் போனார், திரும்பி வந்து வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். திருப்பூரில் இதெல்லாம் செய்தியே இல்லை. காலை மீட்டிங்கில் முதலாளியின் மகன் (எங்களுக்கு அவர் சின்னவர்) ஒரே வரியில் முடித்தார்: "நம்ம லைன்லயே நல்லா ஓட்டற டெய்லர் ஒருத்தர எடுத்துப் போடுங்க."

இங்கே பெரும்பாலும் இப்படித்தான் சூப்பர்வைசர் பிறக்கிறார். வேகமாகத் தைப்பவரை மெஷினை விட்டு எழுப்பி, கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, நாளை முதல் நீ பார்த்துக்கொள் என்று விட்டுவிடுவது. தைக்கத் தெரிந்தவருக்குத் தைக்க வைக்கவும் தெரியும் என்று யார் சொன்னார்களோ. காசுக் கணக்கும் இடிக்கும். பீஸ் ரேட்டில் (தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில்) கை ஓடுகிற டெய்லர் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு சனிக்கிழமை வாங்கும் கூலி, சூப்பர்வைசரின் வாரச் சம்பளக் கணக்கைச் சாதாரணமாகத் தாண்டும். எழுந்து வா என்றால் எவர் வருவார்?

சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் பொறுப்பு. நான் ஓவர்லாக் மெஷின் ஓட்டும் அக்காவைச் சொன்னேன். லைனில் அவரைவிட வேகமானவர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு. ஆனால் நூல் அறுந்து, நூலின் இறுக்கம் சரியில்லாமல், பக்கத்து மெஷின்காரர் முழிக்கும்போது மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது அக்காவைத்தான். சின்னவர் யோசித்தார். "ஒடிசாப் பசங்க கேப்பாங்களா?" கேட்பார்களா என்பதை ஒடிசாப் பையன்களிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை.

சம்பளம் குறையக் கூடாது என்று அக்கா ஒரே நிபந்தனை வைத்தார். நியாயம்தான். கணக்குப் பிள்ளையோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, அவருடைய கடந்த மாதங்களின் சராசரிக் கூலிக்குக் குறையாமல் போட்டாயிற்று.

ஜூலை 10, வியாழன்

சின்னவருடைய சந்தேகத்துக்குப் பதிலாக வங்கதேச ஆய்வு ஒன்றை எடுத்துச் சொன்னேன். அங்கே ஆயத்த ஆடைத் தொழிலாளர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள், சூப்பர்வைசர்களோ ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள். பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் பெண் டெய்லர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். திறமைச் சோதனையில் பெண்கள் சளைக்கவில்லை. ஆனாலும் அவர்களுக்குத் தெரியாது என்றே லைனில் இருந்தவர்கள் நினைத்தார்கள். ஆரம்பத்தில் பெண்கள் பார்த்த லைன்களில் உற்பத்தி கொஞ்சம் குறைந்தது, சில மாதங்களில் அந்த வித்தியாசம் காணாமல் போனது.

"அப்ப முதல் சில மாசம் நஷ்டம்னு சொல்றீங்க" என்றார் சின்னவர். ஆளைக் குறை சொல்ல முடியாது, கணக்கு அவர் ரத்தத்தில் இருக்கிறது. அந்தச் சில மாதங்களைப் பொறுத்துக்கொள்வதுதான் மேலே இருப்பவர்களின் வேலை என்றேன். பதில் வரவில்லை. மறுப்பும் வரவில்லை, அதுவே போதும்.

ஜூலை 14, திங்கள்

மாலை 5.30க்கு மேல் அரை ஷிப்ட் நேரத்தில் பயிற்சி தொடங்கினோம். வருபவர்களுக்கு அரை ஷிப்ட் கூலி உண்டு என்று முதலிலேயே எழுதி வாங்கிவிட்டேன். சும்மா உட்கார வைத்தால் மனசு பஸ்ஸைத் தேடிப் போய்விடும்.

நான் கையில் எடுப்பது பழைய முறை. 1940-இல் அமெரிக்கா போர்த் தளவாட உற்பத்தியை முடுக்கியபோது, மெஷினே பார்த்திராதவர்கள் கூட்டம் கூட்டமாக ஆலைகளுக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை சொல்லித் தரும் சூப்பர்வைசர்களுக்கென்று ஒரு பாட வரிசை உருவானது. ஒவ்வொரு பாடமும் இரண்டு இரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வுகள், அவ்வளவுதான். 1945-இல் அரசு அதை நிறுத்துவதற்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் படித்து முடித்திருந்தார்கள். போருக்குப் பிறகு ஜப்பான் அதைப் பிடித்துக்கொண்டது, டொயோட்டா இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

முதல் பாடம், ஒரு வேலையைச் சொல்லித் தருவது. டீ சர்ட்டில் கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டி) வைப்பதை எடுத்தோம். எதிரே புதிதாக வந்த ஒடிசாப் பையன். அக்கா மெஷினில் உட்கார்ந்து, "பாரு, இப்பிடி" என்றார். சர்ரென்று ஒரு பீஸ் முடிந்தது. பையன் தலையாட்டினான். அவன் தைத்ததில் கழுத்து அலை அலையாக நின்றது.

அப்புறம் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டோம்: என்ன செய்ய வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும், ஏன். அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கழுத்து வாயைவிட ரிப் வளையம் சிறியது, அதனால் இரண்டையும் நான்காகப் பிரித்து அடையாளம் வைக்க வேண்டும். ரிப் ஜாயிண்ட் பின்பக்கம், இடது தோள் தையலை ஒட்டி வரவேண்டும். அடையாளத்தோடு அடையாளம் சேரவேண்டும். அதற்கு மேல் அக்காவுக்குச் சொல்ல வரவில்லை. "அது கை தானா பண்ணுதுங்க." மெதுவாக ஒரு பீஸ் தையுங்கள், உங்கள் கையையே பாருங்கள் என்றேன். பாதி வளையம் போனதும் நிறுத்திவிட்டார். "அட, இழுக்கறது ரிப்பை மட்டும்தானுங்க. பாடித் துணிய நான் இழுக்கறதே இல்ல. இடது கை சும்மா தாங்கிட்டு இருக்குது."

பத்து வருஷத்துக்கு மேல் தைக்கிறவர். தன் இடது கை என்ன செய்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறார். பையனுக்குத் தமிழ் அரைகுறை, அக்காவுக்கு இந்தி சுத்தமாக வராது. சாக்பீஸால் நான்கு அடையாளம், ரிப்பை இழுத்துக் காட்டி ஒரு விரல், பாடித் துணியைத் தொட்டு 'கூடாது' என்று ஒரு கையசைப்பு. பிறகு அவனையே சொல்லச் சொன்னார். அவன் ஒடியாவும் தமிழும் கலந்து திருப்பிச் சொன்னதில் எல்லாரும் சிரித்தார்கள், அவனும்தான். கழுத்து படிந்து உட்கார்ந்தது.

ஜூலை 19, சனி

கூலி நாள். பயிற்சி கிடையாது. சனிக்கிழமை மாலை தலைமைப் பண்பு பற்றிப் பேசுகிறவன் இந்த ஊர்க்காரனாக இருக்க முடியாது.

ஜூலை 24, வியாழன்

இன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

ஓடிக்கொண்டிருப்பது குழந்தைகள் உடுப்பு ஆர்டர். 11 மணி வாக்கில் ஒரு பிளாட்லாக் மெஷினில் ஊசி உடைந்தது. விதி எல்லாருக்கும் தெரியும்: உடைந்த துண்டுகள் முழுவதையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, மெஷின் நம்பரும் நேரமும் எழுதினால்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்கவில்லையென்றால் அந்த மெஷினைச் சுற்றியுள்ள பீஸ் அத்தனையும் மெட்டல் டிடெக்டருக்குப் போக வேண்டும். விதி அப்படி. நடப்பது வேறு. அவசர நாளில் பழைய ஊசித் துண்டு எதையாவது ஒட்டிக் கணக்கை முடிக்கிற கம்பெனிகளும் உண்டு.

அக்கா தரையில் உட்கார்ந்து காந்தத்தால் துழாவினார். அடிப்பாகம் கிடைத்தது, முனை கிடைக்கவில்லை. எழுந்து அந்த மெஷினையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள மெஷின்களையும் நிறுத்தச் சொன்னார். பெட்டியில் இருந்த பீஸ்களைத் தனியாகக் கட்டச் சொன்னார். போர்டில் அந்த மணி நேரத்துக்கு எழுதியிருந்த 120 என்ற டார்கெட்டுக்கு நேரே பாதிகூட வரவில்லை.

சின்னவர் இறங்கி வந்தார். "எதுக்கு நிக்குது?" கேள்வி அக்காவுக்கு அல்ல, என்னைப் பார்த்து. நான் அக்காவைப் பார்த்தேன். லைன் முழுவதும் தைப்பதை நிறுத்தாமலே காதை இங்கே வைத்திருந்தது.

"ஊசி முனை கிடைக்கலீங்க. பீஸ் டிடெக்டருக்குப் போகுதுங்க. முக்கா மணி நேரம் ஆகுமுங்க."

"ஷிப்மென்ட் திங்கக்கிழமை. ஏர்ல அனுப்புனா லாபமே போயிரும், தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. சாயங்காலம் அரை ஷிப்ட்ல அந்த மூணு மெஷின மட்டும் ஓட்டிச் சரி பண்ணித் தர்றேன்."

வாய் வரைக்கும் வந்ததை நான் விழுங்கினேன். நான் பேசியிருந்தால் அந்த நிமிஷமே லைனுக்குத் தெரிந்துபோயிருக்கும், இங்கே யார் சொன்னால்தான் நடக்கும் என்று. சின்னவர் போர்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், "சரி, பாருங்க" என்று போய்விட்டார். முனை ஒரு பீஸின் கைமடிப்புக்குள் இருந்தது. டிடெக்டர் கத்தியதும் செக்கிங் பெண்கள் ஓடிவந்து பார்த்தார்கள்.

ஜூலை 25, வெள்ளி

அக்காவைப் பாராட்டிச் சின்னவர் நேற்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று காலை என்னிடம் கேட்டார்: "லைனை நிறுத்தற முடிவு அவங்க எடுக்கலாமா? எங்கிட்ட ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?"

இதற்கு என்னிடம் ஒரு கதை தயாராக இருந்தது. 2008 வாக்கில் ஸ்டான்ஃபோர்டு, உலக வங்கி ஆய்வாளர்கள் மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் பகுதிகளில் 17 நெசவுக் கம்பெனிகளை எடுத்துக்கொண்டார்கள். சில ஆலைகளுக்கு இலவசமாக ஆலோசகர்களை அனுப்பி, பழுது எழுதி வைப்பது, நூல் இருப்பைக் கணக்கெடுப்பது, தினமும் கூடிப் பேசுவது என்று 38 நடைமுறைகளைப் பழக்கினார்கள். முதல் வருஷத்திலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் ஏறியது. எனக்குப் பிடித்த பகுதி வேறு. அந்தக் கம்பெனிகள் எவ்வளவு பெரிதாக வளரும் என்பதை, குடும்பத்தில் எத்தனை ஆண்கள் என்பதை வைத்தே பெருமளவு சொல்லிவிட முடிந்ததாம். வெளியாளை நம்பிப் பொறுப்பைக் கொடுக்க முதலாளிகளுக்கு மனமில்லை. பல வருஷம் கழித்து அதே ஆலைகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். பழக்கியதில் பாதி கைவிடப்பட்டிருந்தது. பழகிய மேனேஜர் வேலையை விட்டுப் போனது ஒரு காரணம், முதலாளிகளுக்கு நேரமில்லாதது இன்னொன்று.

சின்னவர் ஒரே பிள்ளை. கதை அவருக்கு உறைத்திருக்க வேண்டும், டீ சொன்னார்.

கடைசியில் ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். ஊசி, கறை, அளவுத் தவறு என்றால் சூப்பர்வைசர் யாரையும் கேட்காமல் லைனை நிறுத்தலாம். லைனுக்குள் ஆளை மாற்றி உட்கார வைக்கலாம். அரை நாள் லீவு கொடுக்கலாம். லீவுக்கு மட்டும் சின்னவர் கொஞ்சம் இழுத்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நிற்கும் பெண் மாடிக்கு ஏறி, ஆபீஸ் வாசலில் காத்திருந்து, 'சரி போ' வாங்கி வருவதற்குள் கீழே இருக்கும் சூப்பர்வைசரை எவர் மதிப்பார்? கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று ஆடிப் பதினெட்டு. இன்று மூன்று லைனிலும் ஆள் குறைவு. இரண்டாம் லைனில் மட்டும் யார் வரமாட்டார்கள் என்பது வெள்ளிக்கிழமையே தெரிந்திருந்தது, அக்காவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். லீவு கொடுப்பவரிடம்தானே உண்மையைச் சொல்வார்கள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

முதல் லைன் சூப்பர்வைசர் கத்துகிறார் என்று புகார். வயதில் மூத்தவர், வேலை அத்துப்படி. வாடி போடிதான் பேச்சு. "கத்தலைன்னா ஓடாதுங்க" என்றார் என்னிடம்.

இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்பது இந்தத் தொழிலுக்குத் தெரியும். 2021-இல் திண்டுக்கல் பகுதியில் இளம் பெண் தொழிலாளி ஒருவர் கொலையுண்டு, அவருடைய ஆலை சூப்பர்வைசரே கைதான பிறகுதான், 2022-இல் பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் அங்கே ஒரு ஒப்பந்தத்தை வாங்கியது. தொழிலாளர்களே தளத்தில் நடப்பதைக் கண்காணித்து, புகாரை மேலே கொண்டுபோகும் ஏற்பாடு அதில் இருக்கிறது. இதை மூத்தவரிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "நான் அப்பிடிப்பட்ட ஆளா?"

இல்லை. அதனால்தான் ஒரு நாள் முழுக்க அவர் லைனில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். காலையில் அவர் சத்தமே இல்லை. போர்டில் குறை விழ ஆரம்பித்த பிறகுதான் குரல் ஏறுகிறது. குறை எதனால்? கட்டிங்கிலிருந்து பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) நேரத்துக்கு வருவதில்லை. கட்டிங் மாஸ்டர் முதலாளிக்குச் சொந்தம், அவரைக் கேட்க இவருக்கு வாயில்லை. மேலே போக முடியாத கோபம் ஓவர்லாக் பெண்கள் மீது இறங்குகிறது.

வாடி போடி இன்றோடு நிற்க வேண்டும், அதில் பேரம் கிடையாது என்று அவரிடம் சொன்னேன். கையோடு பண்டில் வந்த நேரத்தை எழுத ஒரு நோட்டையும் கொடுத்தேன். வாரக் கடைசியில் அந்த நோட்டைக் கட்டிங் மாஸ்டரிடம் காட்டுவது என் வேலை, சின்னவரும் கூட இருப்பார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நோட்டைப் பார்த்துக் கட்டிங் மாஸ்டர் குதித்தார். பிறகு லே போடும் (வெட்டுவதற்குத் துணியை அடுக்காக விரிக்கும்) நேரத்தை முன்னால் தள்ள ஒத்துக்கொண்டார். முதல் லைன் கொஞ்சம் அமைதி. பழைய வார்த்தை ஒன்று நடுவில் வந்தது, வந்ததும் மூத்தவரே நாக்கைக் கடித்துக்கொண்டார் என்று செக்கிங் பெண் நடித்துக் காட்டினாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நேற்று முன்தினத்திலிருந்து அமெரிக்காவில் நம் சரக்குக்கு வரி 50 சதவீதம். எங்கள் ஆர்டரில் பாதி அங்கே போவதுதான். பையர் (சரக்கு வாங்குபவர்) இரண்டு ஸ்டைலை நிறுத்தி வைத்திருக்கிறார். அரை ஷிப்ட் கிடையாது என்று போர்டு வைத்தாயிற்று, பயிற்சி நேரமும் அதோடு போயிற்று. மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

சின்னவர் மாலையில் எல்லாரையும் கூப்பிட்டார். லைனுக்கு ஆறு பேரை வேலையிலிருந்து நிறுத்தப் பட்டியல் கொடுங்கள் என்றார். மூத்தவர் தரையைப் பார்த்தார். அக்கா கேட்டார்: "யாரையும் நிறுத்தாம, வாரத்துல ஒரு நாள் மாத்தி மாத்தி எல்லாரும் வீட்ல இருந்தா உங்க கணக்கு வருமாங்க?"

சின்னவர் கால்குலேட்டரைத் தட்டினார். முப்பது பேர் லைன். ஆறு பேர் இல்லாததும், தினம் ஆறு பேர் வீதம் ஐந்து நாள் வீட்டில் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான், சனிக்கிழமை மட்டும் கூடுதல் கூலி விழும். இரண்டு வாரம் பார்க்கலாம் என்றார். கழுத்து ரிப் வைப்பவர்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் வீட்டில் இருக்கக் கூடாது என்று அவரே ஒரு நிபந்தனையும் போட்டார். அது தேவைப்படாது, ஒடிசாப் பையன் இப்போது ரிப் வைக்கிறான் என்றார் அக்கா.

யார் எந்த நாள் வீட்டில் என்ற பட்டியல் நாளை கூலி கொடுப்பதற்கு முன் ஒட்டப்படும். ஒடியாவில் எழுதித் தர அந்தப் பையனையே கேட்டிருக்கிறோம்.