மண்ணில் நெய்த கம்பளம்: மாலிபு ஆடம்சன் இல்லம்

வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் அம்மா சட்டென்று நின்றுவிட்டார். எதிரே தரையில் சுமார் 60 அடி நீளத்துக்கு ஒரு பாரசீகக் கம்பளம் விரிந்திருந்தது. "இது மேலே நடக்கலாமா, ஓரமாப் போகணுமா?" என்று என் காதருகே கேட்டார். எங்களை அழைத்துப்போன தன்னார்வலப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கேள்வி புரிந்துவிட்டது. குனிந்து பார்க்கச் சொல்லிச் சைகை காட்டினார். குனிந்தோம். கம்பளத்தில் ஒரு நூல்கூட இல்லை. முழுக்க முழுக்க டைல்ஸ். கரை, பூ வேலை, நடுவே பதக்கம் போன்ற வடிவங்கள், எல்லாமே சுட்ட மண். இரண்டு முனைகளிலும் தொங்கும் குஞ்சத்தைக்கூட மண்ணிலேயே செய்திருக்கிறார்கள்.

கலிபோர்னியாவில் மாலிபு என்றால் நடிகர்களின் கடற்கரை வீடுகளும் அலைச்சறுக்கும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நானும் எத்தனையோ முறை சான்டா மோனிகாவிலிருந்து பசிபிக் கடற்கரை நெடுஞ்சாலை வழியாக இந்த வீட்டைக் கடந்து போயிருக்கிறேன். மதில், மரங்கள், அதற்கு மேல் கொஞ்சம் சிவப்பு ஓட்டுக் கூரை. சாலையிலிருந்து தெரிவது அவ்வளவுதான். அம்மா ஊரிலிருந்து வந்திருந்ததால், இந்த முறை வண்டியை நிறுத்தினேன்.

மாலிபு காயலும் சர்ஃப்ரைடர் கடற்கரையும் சேரும் இடத்தில், வக்கேரோ குன்று என்ற சின்ன மேட்டில் வீடு நிற்கிறது. சுமாஷ் பழங்குடி மக்களின் ஹுமலிவோ என்ற ஊர் இருந்த நிலம் இது. அலை உரக்க ஒலிக்கும் இடம் என்று பொருள். மாலிபு என்ற பெயரே அதிலிருந்து திரிந்து வந்தது. வீட்டின் பின்புறப் புல்வெளியில் நின்றால் அந்தப் பெயரை யாரும் விளக்கத் தேவையில்லை. காதே சொல்லிவிடும்.

வீட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன் மே ரிண்ட்ஜ் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் கதை தெரியாமல் இந்த டைல்களைப் பார்த்தால், வெறும் பணக்கார வீட்டு அலங்காரமாகத்தான் தெரியும்.

1892-இல் ஃபிரெடரிக் ரிண்ட்ஜ் என்ற மாசசூசெட்ஸ்காரர் இங்கே 13,000 ஏக்கருக்கு மேற்பட்ட ஒரு பண்ணையை வாங்கினார். ஸ்பானியர் காலத்து மானிய நிலம் அது. 1905-இல் அவர் இறந்துவிட, மிச்சிகனில் பள்ளி ஆசிரியையாக இருந்து அவரை மணந்த மே, மூன்று பிள்ளைகளோடு மொத்த நிலத்துக்கும் பொறுப்பானார். சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனம் அந்த நிலத்தின் வழியே தண்டவாளம் போடப் பார்த்தது. அதைத் தடுக்க, தன் நிலத்தில் தானே 15 மைல் தூரத்துக்கு ஒரு ரயில் பாதையைப் போட்டார் மே. ஏற்கெனவே ஒரு பாதை இருக்கும் இடத்தில் இணையாக இன்னொன்று வரக்கூடாது என்பது அன்றைய விதி. ரயில் தொல்லை தீர்ந்தது, அடுத்து சாலைப் பிரச்சினை வந்தது. நெடுஞ்சாலைக்கு நிலம் தர முடியாது என்று வருடக்கணக்கில் வழக்காடினார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கு 1923-இல் அவருக்கு எதிராக முடிந்தது. 1929-இல் சாலை திறந்துவிட்டார்கள். நாங்கள் வந்த சாலையே அதுதான்.

வழக்குகள் பணத்தைத் தின்றன. நிலம் நிறைய, கையில் காசு இல்லை. அந்த நிலைமையில் தன் பண்ணையின் மண்ணே அவருக்குக் கைகொடுத்தது. அங்கே நல்ல களிமண் இருந்தது. பீங்கான் தொழிலில் தேர்ந்தவரான ரூஃபஸ் கீலரை வைத்து 1926-இல் மாலிபு பாட்டரீஸ் என்ற டைல் தொழிற்சாலையைத் தொடங்கினார். மாலிபு கடல்பாலத்துக்குக் கிழக்கே அரை மைல் தூரத்தில், கடற்கரையை ஒட்டியே இருந்தது அது. உச்சத்தில் நூறு பேருக்கு மேல் வேலை பார்த்திருக்கிறார்கள். மூரிஷ் எனப்படும் ஸ்பானிய இஸ்லாமிய வடிவங்களிலும் பாரசீக, மாயன் வடிவங்களிலும் டைல்கள் அடுக்கடுக்காக வெளிவந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் நகர மன்றக் கட்டடத்தில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம்.

இந்த வீடு மே கட்டியதல்ல, அவருடைய மகளுடையது. மகள் பெயர் ரோடா. கணவர் மெரிட் ஆடம்சன் பால் பண்ணை நடத்தினார். மனைவியின் பெயரை ஆங்கில எழுத்துகளில் பின்னாலிருந்து படித்து, பண்ணைக்கு அடோர் (Rhoda – Adohr) என்று பெயர் வைத்தார். இதைக் கேட்டதும் அம்மாவுக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸில் மாயன் தியேட்டரை வடிவமைத்த நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டைல்ஸ் கிளெமென்ட்ஸ்தான் இந்த வீட்டுக்கும் கட்டடக் கலைஞர். 1929-இல் வேலை தொடங்கி அடுத்த வருடமே முடிந்தது. முதலில் கோடைக்கால வீடாக இருந்தது, பிறகு நிரந்தரமாக இங்கேயே குடிவந்தார்கள்.

தாய் மேயின் சொத்தில் மண், அவருடைய சூளையில் டைல், மகள் ரோடாவின் வீடு. அதனால் வடிவமைப்பாளர்களுக்கு இங்கே கட்டுப்பாடு இல்லை. தொழிற்சாலையால் என்னென்ன முடியுமோ அத்தனையும் இந்த வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு குளியலறையும் ஒரு தனி உலகம். ஒன்றுக்கு ஒன்று நிறமும் வடிவமும் வேறு. சமையலறையில் சுவர்க் கடிகாரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை, அதைச் சுற்றியும் டைல்ஸ். அம்மா சமையலறையில்தான் அதிக நேரம் நின்றார். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் ஒரு துணியால் துடைத்துவிடலாம், அழகுக்கு அழகு, வேலைக்கு வேலை என்று மெச்சிக்கொண்டே இருந்தார்.

எனக்கு அந்தக் கோடுகளில்தான் கண் போனது. ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் நடுவே மெல்லிய கருங்கோடு ஓடுகிறது. குவெர்டா செக்கா என்ற பழைய ஸ்பானிய முறை. உலர்ந்த கயிறு என்று அர்த்தம். மாங்கனீசு கலந்த ஒரு பிசுக்குக் கலவையால் டைல் மேல் முதலில் கோடு போடுவார்கள். பிறகு கோடுகளுக்கு நடுவே ஒவ்வொரு பாத்தியிலும் வண்ணப் பூச்சைத் துளித்துளியாக நிரப்புவார்கள். பூச்சில் நீர் இருப்பதால் பிசுக்கைத் தாண்டி அது போகாது. நீலம் நீலத்தோடு நிற்கும், மஞ்சள் மஞ்சளோடு நிற்கும். சூளையில் வைத்ததும் பிசுக்கு எரிந்து போய், மாங்கனீசின் கறுப்பு மட்டும் கோடாகத் தங்கிவிடும். வரப்பு கட்டி நீர் பாய்ச்சுகிற மாதிரிதான். பக்கவாட்டில் வெளிச்சம் விழும் இடத்தில் நின்று பார்த்தால், ஒவ்வொரு வண்ணமும் வரப்புக்குள் லேசாக மேடுகட்டி நிற்பது தெரியும். அச்சடித்த டைலில் இது வராது. புகைப்படத்திலும் வராது. இதற்காகவே நேரில் போக வேண்டும் என்பேன்.

மற்றவையும் அழகுதான். செதுக்கிய தேக்குக் கதவுகள், இரும்புப் பின்னல் வேலை, ஈயச் சட்டத்தில் பதித்த பாட்டில் கண்ணாடி ஜன்னல்கள், டேனிஷ் ஓவியர்கள் எய்னர் ஹான்சனும் பீட்டர் நீல்சனும் தீட்டிய அலங்காரங்கள். ஆனால் என் கால் திரும்பத் திரும்பக் கம்பளத்திடமே போனது.

வெளியே தோட்டத்தில் நீரூற்றுகள் இருக்கின்றன. ஒன்று நட்சத்திர வடிவம், இன்னொன்றில் மயில். அந்த மயிலின் முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள், நாங்களும் எடுத்துக்கொண்டோம். கடற்பக்கம் நீச்சல் குளமும் அதற்கென்று ஒரு குளியல் மனையும். குளத்தில் அந்தக் காலத்தில் கடல் நீரைத்தான் நிரப்புவார்களாம். இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது வெளிப்புறத்தில் நாய்களைக் குளிப்பாட்ட வைத்திருக்கும் ஒரு தொட்டி. அதற்கும் அதே மாதிரி டைல்ஸ். விருந்தாளி பார்க்கும் கூடத்துக்கு ஒரு தரம், நாய்த் தொட்டிக்கு ஒரு தரம் என்று பிரிக்கவில்லை. செய்த கைகள் இரண்டிலும் ஒரே அக்கறையைக் காட்டியிருக்கின்றன. அந்தத் தொட்டி முன்னால் நான் வெகுநேரம் நின்றேன்.

தொழிற்சாலையின் கதை சீக்கிரமே முடிந்துவிட்டது. 1931-இல் தீ விபத்து, பொருளாதாரப் பெருமந்த காலத்தில் வீடு கட்டுவோரும் குறைந்தார்கள், 1932-இல் மூடிவிட்டார்கள். மொத்தம் ஆறு வருடம்தான். மே தனக்கென்று குன்றின் மேல் கட்டத் தொடங்கிய பெரிய மாளிகை முடியவே இல்லை. அவர் 1941-இல் மறைந்தபோது கையில் மிஞ்சியது சொற்பம். அடுத்த வருடம் பிரான்சிஸ்கன் துறவிகள் அந்த மாளிகையை வாங்கினார்கள். 1970-இல் காட்டுத்தீ அதன் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. அதனால் மாலிபு டைலை ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டில், பதித்த இடத்திலேயே முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் ஆடம்சன் இல்லத்துக்குத்தான் வர வேண்டும்.

இதுவும் போயிருக்கும். ரோடா 1962-இல் இறந்தார். 1968-இல் மாநில அரசு இடத்தை வாங்கியது. வீட்டை இடித்துவிட்டு, கடற்கரைக்கு வருவோருக்கு வாகன நிறுத்துமிடம் அமைப்பது திட்டம். அந்தக் கம்பளத்தின் மேல் தார் ஊற்ற நினைத்தார்கள் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. உள்ளூர் மக்கள் விடாமல் போராடி அதைத் தடுத்தார்கள். இடையில் பெப்பர்டைன் பல்கலைக்கழக வேந்தர் குத்தகைக்கு எடுத்து இங்கே குடியிருந்தார். 1977-இல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் வீடு இடம்பெற்றது. இப்போது மாநிலப் பூங்காவின் பகுதி. பழைய கார் கொட்டகையில் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள். வழிகாட்டியோடுதான் வீட்டுக்குள் போக முடியும். எல்லா நாளும் திறந்திருக்காது, நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

திரும்பும் வழியில் கடல்பாலத்தைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்தேன். தொழிற்சாலை இருந்த பக்கம். சாலையோரம் நெருக்கமாக வீடுகள், அவற்றின் இடுக்குகளில் துண்டுதுண்டாகக் கடல். சூளை இருந்ததற்கான அடையாளம் எதுவும் கண்ணில் படவில்லை. பின்னால் வந்த வண்டி ஒலி எழுப்பியதால் நிறுத்த முடியவில்லை.

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். அப்புறம், "அந்த அம்மா ரோட்டை வேண்டாம்னு சொன்னாங்க. ரோடு வந்ததாலதானே நாம இன்னைக்கு அந்த வீட்டைப் பார்த்தோம்?" என்றார். ஆமாம் என்றேன். "பாவம்" என்று சொல்லிவிட்டு, கைபேசியில் அந்த மயில் படத்தை எடுத்து, ஊரில் இருக்கும் சித்திக்கு அனுப்பினார்.