'ஈசிஜி நார்மல்' என்றார்கள், அடுத்து?

மாரடைப்பாக இருக்கக்கூடிய வலியோடு கேஷுவால்டிக்கு வரும் பெண்கள் வாயைத் திறந்ததும் "கேஸ் ட்ரபிள் மாதிரி இருக்கு" என்று ஆரம்பிக்கிறார்கள். கேஸ் ஊசி போட்டு பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக, "நெஞ்சு அடைக்குது, வேர்க்குது, ஏழு மணிக்கு ஆரம்பிச்சது" என்று நேரத்தோடு சொல்ல வேண்டும். மாரடைப்பில் பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் அதிகம் காணும் அறிகுறி. கூடவே மூச்சுவாங்கல், தாடைவலி, மேல்முதுகுவலி, குமட்டல் எல்லாம் சேர்ந்து வருவதால் பேச்சு அங்கேயே சுற்றி நின்றுவிடுகிறது. ஏப்பம் வந்து லேசானாலும் அது கேஸ்தான் என்று முடிவுகட்ட முடியாது.

வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து டாக்டர் பார்த்தாக வேண்டும். கை கால்களில் நான்கு, நெஞ்சில் ஆறு எலெக்ட்ரோடு. தப்பு நடப்பது அந்த ஆறில்தான். கழுத்துக் குழியிலிருந்து விரலைக் கீழே இறக்கினால் நெஞ்செலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அதை ஒட்டியது இரண்டாம் விலா, அதன் கீழ் விலாக்களுக்கு நடுவே இரண்டாம் இடைவெளி. இன்னும் இரண்டு இடைவெளி இறங்கினால்தான் வி1, வி2 வைக்கும் இடம் (நெஞ்சு எலெக்ட்ரோடு ஆறுக்கும் வி1 முதல் வி6 வரை பெயர்). கூச்சம் பார்த்து ஜாக்கெட்டின் மேல் ஹூக் இரண்டை மட்டும் கழற்றி எடுத்தால் இரண்டுமே மேலே ஏறிவிடும். இல்லாத 'பழைய அட்டாக்' ரிப்போர்ட்டில் வருவது பல நேரம் இப்படித்தான். வி4 மார்பைத் தூக்கி அதன் அடியில், ஐந்தாம் இடைவெளியில் போக வேண்டும். திரை போடச் சொல்லுங்கள், பெண் ஊழியரைக் கேளுங்கள், உள்ளாடையையும் கழற்றிவிடுங்கள். தாலியைக் கழற்ற வேண்டாம். எலெக்ட்ரோடில் படாமல் தோள்பக்கம் ஒதுக்கினால் போதும். வேர்வையைத் துடைக்காவிட்டால் கோடு ஆடும்.

வி2, வி3-இல் எஸ்டி உயர்வு, அதாவது ஈசிஜி கோட்டின் ஒரு பகுதி மேலே ஏறி நிற்பது, 40 வயது தாண்டிய ஆணுக்கு 2 மி.மீ. இருந்தால்தான் மாரடைப்புக் கணக்கு. பெண்ணுக்கு 1.5 மி.மீ. போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைப் பிடித்துவிட்டால், தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகள் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள்.

முதல் ஈசிஜி சுத்தமாக இருந்தும் வலி நிற்கவில்லையா? 15–30 நிமிடத்தில் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். இதயத்தின் பின்பக்க அடைப்பு ஈசிஜியின் வழக்கமான பன்னிரண்டு கோடுகளில் ஒளிந்துகொள்ளலாம்; முதுகில் வி7 முதல் வி9 வரை எலெக்ட்ரோடு வைத்தால் நேரடியாகத் தெரியும். இதயத் தசை காயப்பட்டதைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் அப்படியே. வலி தொடங்கிய முதல் மணிநேரங்களில் நெகட்டிவ் வருவது சகஜம். எந்த வகைப் பரிசோதனை என்பதைப் பொறுத்து சில மணிநேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள், அதற்குள் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது.

யாரும் கேட்காமல் விடுவது பிரசவக் கதை. கர்ப்பத்தில் பிபி ஏறியது, சர்க்கரை வந்தது, 40-க்கு முன்பே மாதவிடாய் நின்றது, மூன்றுமே இதய ஆபத்தைக் கூட்டுபவை. இருபது வருடம் ஆகியிருந்தாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

கிளம்பும்போது ஈசிஜி தாளைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை ஒப்பிட அதுதான் கைகொடுக்கும். பல இடங்களில் அது தெர்மல் பேப்பர், நாளாக நாளாக மங்கும். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவையுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்யக் கொடுத்தால் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துவிடும்.