இடது பின்மடல்

“முனை வரைக்கும் வெட்டிப் பார்த்தாயா, தம்பி?”

பிணப்பரிசோதனை அறையில் என்னோடு வேலை செய்த அண்ணன் கேட்டது அவ்வளவுதான். அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. என்னைக் கூனிக்குறுக வைக்கக் கூடாது என்றுதான் அவர் தமிழில், அதுவும் தாழ்ந்த குரலில் கேட்டார். நான் ஆங்கிலத்தில் “டன்” என்றேன். அவர் தலையசைத்தார். நான்கு ஆண்டுகள் ஆகியும் அந்தத் தலையசைப்புக்கு என்ன பொருள் என்று எனக்கு விளங்கவில்லை.

மேசையில் கிடந்தது ஒரு கருமுதுகுக் குள்ளநரி. டர்பன் நெடுஞ்சாலையில் அடிபட்டது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் செத்த நரி என்றாலே முதலில் தலைதான். மூளை ரேபிஸ் சோதனைக்குப் போன பிறகுதான் மற்ற உறுப்புகளுக்கு முறை வரும். அன்று காலை அந்த வேலைக்கே பாதிப் பொழுது போய்விட்டது. மனித உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், அதில் அவசரப்பட முடியாது. இதை ஒரு சாக்காகச் சொல்கிறேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சாக்காகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம்.

மார்பைத் திறந்ததும் பெருந்தமனியின் உட்சுவர் சொரசொரப்பாகத் தழும்பேறி, ஓரிடத்தில் சிறு பை போல் உப்பியிருந்தது. உணவுக்குழாயில் நெல்லிக்காய் அளவில் ஒரு முடிச்சு. கீறினால் உள்ளே சிவந்து சுருண்ட புழுக்கள். ஸ்பைரோசெர்கா லூபை. இந்த நாட்டுக் கால்நடை மருத்துவர்களுக்கு நன்றாகப் பழக்கமான புழு. இதன் குஞ்சுப்புழு உள்ள சாணவண்டையோ, வண்டைத் தின்ற கோழி, பல்லியையோ நாய் தின்றால் குடற்புழு மாதிரி அது குடலோடு நின்றுவிடுவதில்லை. இரைப்பைச் சுவரைத் துளைத்து, தமனிச் சுவர் வழியாகவே ஏறிப் பெருந்தமனிக்குப் போய், சில மாதங்கள் அங்கே வளர்ந்து, பிறகு உணவுக்குழாய்க்கு மாறுகிறது. தழும்பும் வீக்கமும் அது நடந்துபோன தடம்.

விடை கையில் கிடைத்துவிட்டது. என் கை அங்கேயே தளர்ந்துவிட்டது.

நுரையீரலை விடவில்லை. வலப்பக்கத் தமனியைக் கிளை கிளையாகக் கடைசி வரை திறந்தேன். இடது நுரையீரலின் பின்மடலில் பாதி தூரம் போனதும் கத்தரி இடறியது. வழக்கமாக அண்ணன்தான் மடலை இரண்டு கையாலும் விரித்துப் பிடிப்பார். அந்தப் பிடி இருந்தால் கத்தரி தானாக ஓடும். அன்று அவர் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று தீ மிதிப்பு, அதற்காக விரதம். பிணத்தைத் தொடாமல் கதவோரம் நின்றிருந்தார். அங்கிருந்தே கத்தரி நின்றதைப் பார்த்திருக்கிறார். மடலின் ஓரத்தில் கட்டைவிரல் நகமளவு ஒரு துண்டைத் திசு கெடாமலிருக்க ஃபார்மலினில் போட்டேன். மீதி எல்லாம் எரியுலைக்குப் போனது.

இரண்டு வாரம் கழித்து அந்தத் துண்டின் ஸ்லைடு வந்தது. சிறு தமனிகளின் உட்சுவர் விரல் விரலாக உள்நோக்கி வளர்ந்திருந்தது. ஒன்றைப் பழைய ரத்தக்கட்டி முழுதாக அடைத்திருந்தது. ஸ்பைரோசெர்கா நடக்கும் பாதை இதுவல்ல. நுரையீரல் தமனிக்குள் வேறு ஏதோ குடியிருந்திருக்கிறது, அல்லது செத்துச் சிதறியிருக்கிறது.

இதயத்திலும் நுரையீரல் தமனியிலும் வாழும் இதயப்புழுவாக இருந்தால் நான் தவறவிட்டிருக்க மாட்டேன். பெண் புழு 25 முதல் 30 செ.மீ. நீளம், வேகவைத்த சேமியா போல வெள்ளையாகத் தெரியும். கொசு பரப்பும் இந்தப் புழு மொசாம்பிக்கில் உண்டு, தென்னாப்பிரிக்காவில் அபூர்வம். ஆனால் எல்லா இதயப்புழுவும் இந்த நீளத்தில் இருப்பதில்லை. பிரான்சில் 1853-இல் நாயிடம் கண்டறியப்பட்ட ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் வேசோரம் இரண்டு செ.மீ.தான். ஐரோப்பாவின் செந்நரிகளிடம் ஏராளம். பெண் புழுவில் சிவந்த குடலும் வெள்ளைக் கருப்பையும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, இருநிற நூலை முறுக்கியது போல இருக்கும். அது கிளைத் தமனியின் முனையில் ஒளிந்தால் பாதியில் நிற்கும் கத்தரிக்கு எட்டாது. நத்தை வழியாகப் பரவும் அந்தப் புழு இந்த நரிக்கு எப்படி வந்திருக்க முடியும் என்று கேட்கலாம். கேட்பதற்கு நான் எதை மிச்சம் வைத்தேன்? மலத்தில் பத்து கிராம் எடுத்து வைத்திருந்தால் புனலில் வெதுவெதுப்பான நீரூற்றி இரவு முழுவதும் விட்டிருக்கலாம். குஞ்சுப்புழு இருந்தால் அடியில் இறங்கியிருக்கும். அதையும் எடுத்து வைக்கவில்லை.

ஸ்லைடு வருவதற்கு முன்பே அறிக்கையில் “நுரையீரல் தமனிகளில் புழு இல்லை” என்று எழுதியிருந்தேன். பிறகு ஸ்லைடு விவரத்தைச் சேர்த்தேன். அந்த வரியை “புழு காணப்படவில்லை” என்று திருத்தினேன். நேர்மையாகத் திருத்தியதாக அன்று நினைத்தேன். வெட்டாத பாதியைப் பற்றி அந்த வரியிலும் ஒரு சொல் இல்லை.

அண்ணன் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசுகிறார், பிள்ளைகளை விசாரிக்கிறார். அந்த நரியை அவர் மறந்திருக்கலாம். முப்பது ஆண்டுகளில் எத்தனையோ உடல்களைப் பார்த்தவர். மறக்கவில்லையென்றால் ஏன் கேட்கவில்லை என்றும் தோன்றுகிறது. நானாகச் சொல்வதற்கு இதுவரை வாய் வரவில்லை.

அந்தத் துண்டைப் பதித்த மெழுகுக் கட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது. மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம். ஃபார்மலினில் ஊறிய திசுவில் பலன் கிடைப்பது கடினம் என்பது உண்மைதான். ஆனால் நான் அனுப்பாததற்குக் காரணம் அது மட்டுமல்ல. அனுப்பும் படிவத்தில், தமனிகள் முழுமையாகத் திறந்து பார்க்கப்பட்டனவா என்று ஒரு கட்டம் இருக்கிறது. இரண்டு முறை பேனாவோடு அந்தக் கட்டம் வரை வந்திருக்கிறேன்.