மசாஜும் கழுத்து நெட்டியும் ஒரே பிரிவில்

"கழுத்தில் நெட்டி முறிப்பவரையும் தோளைப் பிடித்துவிடுபவரையும் ஒரே பிரிவில் எண்ணிவிட்டு, ஆபத்து எதில் என்று பிறகு எப்படிச் சொல்வீர்கள்?" என்று, மாற்று மருத்துவத்தை நாடுபவர்களை எண்ணும் கணக்கெடுப்புக்கு நாங்கள் வினாத்தாள் தயாரித்தபோது, வரைவுக் குழுவிலிருந்த பிசியோதெரபிஸ்ட் கேட்டார். பிரிவுகள் பெருகினால் ஒவ்வொன்றிலும் சேரும் எண்ணிக்கை எதையும் சொல்ல முடியாத அளவுக்குச் சுருங்கிவிடும் என்றேன். தவறான பதில் அல்ல, ஆனாலும் உறுத்துகிறது.

எனக்கு முன்மாதிரி இருந்தது. அமெரிக்காவின் தேசிய நிரப்பு, மாற்று மருத்துவ மையம், 2014இல் பெயர் மாறுவதற்கு முன்பே, கைரோபிராக்டிக் (முதுகெலும்பைக் கையால் அசைத்துச் சரிசெய்வது), ஆஸ்டியோபதி (எலும்பு, மூட்டு, தசைகளைக் கையால் கையாளும் சிகிச்சை), மசாஜ் மூன்றையும் உடல்சார்ந்த முறைகள் என்று சேர்த்து, யோகாவை மனம்-உடல் முறைகளில் வைத்திருந்தது. பிரிட்டிஷ் பிரபுக்கள் அவைக் குழுவோ 2000ஆம் ஆண்டு அறிக்கையில் முதல் இரண்டையும் முதல் தொகுதியிலும் மசாஜை இரண்டாவதிலும் வைத்தது. பிசியோதெரபிஸ்ட் இதைத்தான் சுட்டிக்காட்டினார். ஆனால் அந்தப் பிரிப்பில் தொழிலின் ஒழுங்கமைப்புக்கு இருந்த இடம் ஆபத்துக்கு இல்லை என்பது என் வாதம். 1993, 1994 சட்டங்களால் அவ்விரு தொழில்களும் அங்கே முறைப்படுத்தப்பட்டிருந்தன.

ஆபத்தைப் பற்றிய அவருடைய கவலையை மறுக்க முடியாது. கழுத்தைச் சட்டென்று திருப்பும் சிகிச்சைக்குப் பின் தமனி கிழிந்து பக்கவாதம் வந்ததாக, அரிதாகவேனும், பதிவுகள் உள்ளன. கிழிவினால் ஏற்கெனவே கழுத்து வலித்தவர்தான் சிகிச்சைக்கே போயிருப்பார் என்ற எதிர்வாதமும் உண்டு. எந்தெந்த நிலைகளில் முதுகெலும்பைக் கையாளக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2005இல் பட்டியலிட்டது. சாதாரண மசாஜுக்கும் இதே அளவு எச்சரிக்கை வேண்டுமென்று யாரும் சொல்வதில்லை. அப்படியிருக்க இரண்டையும் ஒரே எண்ணாக்கினால், மசாஜுக்குப் போகும் பெருங்கூட்டத்தில் அந்த ஆபத்து கரைந்துபோகும்.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், அதே கழுத்துத் திருப்பலை அந்தப் பிசியோதெரபிஸ்டே செய்தால் அது வழக்கமான மருத்துவத்தில் சேர்ந்து, எங்கள் வினாத்தாளுக்குள்ளேயே வராது. யார் செய்கிறார் என்பதைக் கொண்டுதான் கொள்கை எல்லை போடுகிறது. அவர் கேட்டதோ என்ன செய்யப்படுகிறது என்பதைப் பற்றி. இதை அன்றே அவரிடம் சொல்லியிருந்தால், அவரையே குறிவைத்ததாகியிருக்கும்.

முன்னோட்டக் கணக்கெடுப்பில் ஒரு பெண்மணி பிடரியைத் தொட்டுக் காட்டி, "மசாஜ்தான் செய்தார்கள், நடுவில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது" என்றார். கணக்கெடுப்பாளர் மசாஜ் என்று குறித்துக்கொண்டார். பதில் சொல்பவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாததை நாம் ஏன் பிரிக்க வேண்டும் என்று அதைக் காட்டித்தான் என் முடிவை நிலைநிறுத்தினேன். சத்தம் கேட்டதா என்று தனியாக ஒரு கேள்வி சேர்த்திருக்கலாம். ஆனால் சத்தம் ஆபத்தின் அளவுகோல் அல்ல என்று அந்தப் பிசியோதெரபிஸ்டே முதல் ஆளாக மறுத்திருப்பார்.